வேலிக்கம்பத்துச் சாம்பல் ஆந்தை

ஜனவரி 9, வியாழன்

இரத்தினவேல் அங்கிள் இன்றும் எங்கள் செல்லப்பிராணிக் கடைக்கு வந்து ஆறு வெள்ளை எலி வாங்கினார். இந்தக் கிழமை மூன்றாம் தரம். பாம்பு வளர்ப்பவர்களுக்காக நாங்கள் விற்கிற எலி. அங்கிளோ கலியாணவீட்டுப் படம் பிடிக்கிறவர்.

"உங்கடை பாம்புக்கு என்ன, ஆனைப் பசியோ அங்கிள்?"

"பாம்போ? இது இவளுக்கு, பிள்ளை!" என்று போனை நீட்டினார்.

ஓர் ஆந்தை. சிறகை விரித்து நேரே என் முகத்துக்கு வருவது போல. கடையில் இரண்டு வருசம் நிற்கிறேன். விற்ற எலி எங்கே போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

லீவு. அங்கிளின் சிவப்பு ஜீப்பில் போனேன். பிக்கரிங்குக்கு வடக்கே, சோளம் வெட்டிய வயல். ரோட்டோரம் பத்துப் பன்னிரண்டு ஆண்கள். நாங்கள் இருக்கிற மல்வேர்னில் எங்கள் கட்டடத்து லிப்ட் மாதக்கணக்காக வேலை செய்யவில்லை. இங்கே ஒவ்வொருவர் கையிலும் பீரங்கி அளவு லென்ஸ். பார்க்கக் கோபம் வந்தது.

பிறகு அதைப் பார்த்தேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

வேலிக்கம்பத்தில் ஒரு சின்னப் பிள்ளையைக் கம்பளியால் சுற்றி இருத்தியது போல இருந்தது. பெரும் சாம்பல் ஆந்தை. முகம் முழுக்க வட்டத்துக்குள் வட்டம், நடுவில் இரண்டு சின்ன மஞ்சள் கண்கள், அலகுக்குக் கீழே வெள்ளை மீசை. வடக்கே ஊசியிலைக் காட்டில் வாழ்வது. அங்கே வயலெலி குறையும் வருசங்களில்தான் இவ்வளவு தெற்கே இறங்குமாம். "உவ்வளவும் இறகு, பிள்ளை. தூக்கினால் ஒரு கோழிப் பாரமும் வராது," என்றார் அங்கிள்.

அங்கிள் எலியை எறிந்தார். அது ஓடத் தெரியாமல் பனியில் நின்றது. ஆந்தை வந்தது. கமராக்கள் படபடத்தன. ஆந்தையிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"இப்ப என்ரை ஜீப்பைக் கண்டாலே வருவாள்."

எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. அதை மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 18, சனி

தம்பியின் காரை இரந்து வாங்கி, விடியத் தனியாகப் போனேன். ரோட்டில் ஒருவரும் இல்லை.

அரைமணி நேரம் அது அசையவில்லை. பிறகு தலையைத் திருப்பி ஓர் இடத்தை நோக்கிக் குனிந்தது. அங்கே ஒன்றுமில்லை. பனி மட்டும், முழங்கால் அளவு. அதற்கடியில் எலி நடப்பது அதற்குக் கேட்கிறது! அந்த வட்ட முகம் அழகுக்கில்லை, சத்தத்தைக் கூட்டிக் காதுக்கு அனுப்பும் தட்டு. இரண்டு காதும் ஒரே உயரத்திலும் இல்லையாம். எவ்வளவு ஆழம் என்பதும் பிடிபடும்.

எழும்பியது. அந்த இடத்துக்கு மேலே ஒரு கணம் காற்றில் நின்றது. விழுந்தது. மார்பு வரை பனிக்குள். வெளியே வந்தபோது நகத்தில் கறுப்பாய் ஒன்று.

நான் மூச்சு விட்டேனா? தெரியாது.

இதற்கா நாங்கள் பிச்சை போடுகிறோம்?

ஜனவரி 19, ஞாயிறு

எலி வேண்டாம் என்று சொல்லத்தான் அங்கிளோடு போனேன். வழியெல்லாம் வாய் வரவில்லை.

ஜீப் அந்த ரோட்டுக்குத் திரும்பியதும் எதிர்வேலியிலிருந்து ஆந்தை எழும்பி, தாழப் பறந்து, எங்களிடம் வந்தது. எதிரே ஒரு பிக்கப் வண்டி.

"எடியே, போ! போடி!" அங்கிள் ஹோர்னை அமத்திக்கொண்டு கத்தினார்.

பிக்கப் நிற்கவில்லை. அதன் காற்றே ஆந்தையை உருட்டிப் பனிக்குவியலில் எறிந்தது. செத்துப் போச்சு எண்டுதான் நினைச்சன். எழும்பியது. உதறியது. மறுபடி எங்கள் பக்கமே வந்து குந்தியது. எலிக்கு.

பின்சீற்றில் பெட்டிக்குள் எலிகள் சுரண்டிக்கொண்டிருந்தன. அங்கிள் பெட்டியைத் திறக்காமல் ஜீப்பைத் திருப்பினார்.

ஜனவரி 21, செவ்வாய்

அங்கிள் வரவில்லை. ரோட்டோரத்தில் கண்ட வேறு இருவர் வந்தார்கள். ஆந்தைக்கென்றால் தரமாட்டேன் என்றேன். கடை முதலாளி பேர்ணடெற் அன்ரி உள்ளேயிருந்து வந்தா.

"ஆர் யதுஷா உன்னை ஆந்தைச் சங்கத் தலைவி ஆக்கினது? பாம்புக்கு விக்கேக்கை எலி பாவமில்லையோ?"

எலிக்கு இரண்டும் ஒன்றுதான். அன்ரி சொன்னது சரி.

"பாம்பு ரோட்டைக் கடக்கிறேல்லை அன்ரி."

சிரித்தா. சிரித்துக்கொண்டே எலிகளைத் தானே எடுத்துக் கொடுத்தா. அடுத்த கிழமை எனக்கு ஒரு ஷிப்ட் மட்டும் தந்து மற்றதை வெட்டினா.

ஜனவரி 22, புதன்

ஆத்திரம். வேறொன்றும் இல்லை.

ஜனவரி 26, ஞாயிறு

அங்கிள் ஜீப்பைத் தூரத்தில் விட்டுவிட்டு நடந்து வந்து, ஒவ்வொருவருக்கும் ஜீப்பின் முன்கண்ணாடிக் கமராவில் பதிந்ததை, பிக்கப் ஆந்தையை உருட்டியதைக் காட்டுகிறார். "நான்தான் பழக்கினனான். நான் செய்த பிழை. நீங்கள் செய்யாதேங்கோ." சிலர் தலைகுனிந்தார்கள். ஒருவன் சிரித்தான். அவன் எலியை எறியப் போனபோது அங்கிள் குறுக்கே போய் நின்றார், லென்ஸுக்கு முன்னால், தொப்பை தெரிய. நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவன் திட்டிக்கொண்டே போனான்.

பெப்ரவரி 9, ஞாயிறு

இரண்டு கிழமையாக ஒருவரும் எறியவில்லை. இன்று ஜீப்பிலேயே போனோம், வேண்டுமென்றே, மெதுவாக.

கம்பத்தில் இருந்தது. முகத்தைத் திருப்பி, அந்த மஞ்சள் கண்களால் ஜீப்பைப் பார்த்தது. அங்கிள் பிரேக்கில் கால் வைத்தபடி. நான் மூச்சைப் பிடித்தபடி.

முகத்தை மறுபடி பனிக்குத் திருப்பிக்கொண்டது.

"என்னை மறந்திட்டாள்," என்றார் அங்கிள். எஞ்சினை நிறுத்தினார். கமரா பையை விட்டு வெளியே வரவில்லை.

கண்ணாடியை இறக்கி, அந்தக் குளிரில், நாங்களும் காது கொடுத்தோம். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதற்குக் கேட்டது.