ட்ரிக்கருக்கு வைத்த சந்தனம்

ஓய்,

இன்று காலை உம்முடைய துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டேன். அந்த எண்ணெய் நெடி கராஜைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, டெக்சாஸ் எல்லையையும் தாண்டிப் போயிருக்கும். என் வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். நான் மட்டும் துணியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். எதிர் ஸ்டூலில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நீர் இருப்பதுபோலவே இருந்தது. காரியம் முடிந்த மறுமாதம் உம் வீட்டம்மா, "இது உங்ககிட்டயே இருக்கட்டுங்ணா" என்று சொல்லிக் கொடுத்தது. என்னிடம் இருக்கிறது. நன்றாகத்தான் வைத்திருக்கிறேன், கவலைப்பட வேண்டாம்.

ரஷ்ய ராணுவம் எந்தக் காலத்திலோ கழித்துப்போட்ட அந்தக் கட்டையை நீர் முதன்முதலில் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? நான்கு ஆள் நீளம், ஆறு ஆள் கனம். அதன் ட்ரிக்கரை இழுக்க ஒரு ஜோடி காங்கேயம் காளை வேண்டும் என்று அன்றைக்கே சொன்னேன். இழுத்தால் மணல் லாரி மேடேறுவதுபோல நறநறவென்று வரும், பாதியில் நின்று யோசிக்கும், மறுபடி வரும். கடைசியில் சுடும்போது நாம் எதற்காகக் குறிவைத்தோம் என்பதே மறந்திருக்கும்.

எனக்கு அது வேடிக்கை. உமக்கு அப்படி இல்லை. முப்பது வருஷம் ஹூஸ்டனில் பம்ப் கம்பெனிகளுக்கு வேலை செய்த கை உம்முடையது. அந்தக் கையின் ஆள்காட்டி விரல் சொன்ன பேச்சைக் கேட்காமல் போக ஆரம்பித்திருந்தது. நரம்புக் கோளாறு, ஒரு வருஷத்தில் விரல் முழுதாக மடங்காமல் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நம் துப்பாக்கி சுடும் கிளப்பில் அக்டோபரில் நடக்கும் பழைய ராணுவத் துப்பாக்கிப் போட்டியில் ஒரே ஒரு தடவையாவது நின்று சுட வேண்டும் என்பது உமது ஆசை. அடுத்த அக்டோபருக்கு விரல் இருக்காது. இந்த அக்டோபருக்கு அந்த ட்ரிக்கர் இடம் கொடுக்காது. சிக்கல் அவ்வளவுதான், ஆனால் உமக்கு அதுவே எல்லாம்.

மூன்று மாதம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உட்கார்ந்தோம். உட்கார்ந்தது நீர், காபி குடித்தது நான், வரலாறு எழுதும்போது இருவர் பெயரும் வரும். ட்ரிக்கருக்குள் உரசுகிற இரும்பு முகங்களை மட்டும் நுண்ணிய கல்லில் நாலு இழுப்பு இழுப்பீர். துடைப்பீர். விளக்கடியில் பிடித்துப் பார்ப்பீர். அப்புறம் மாட்டுவீர், மறுபடி கழற்றுவீர். நான் பொறுமை இழந்து, மோட்டார் கிரைண்டரில் ஒரே தேய் தேய்த்தால் பட்டுப்போல ஆகிவிடுமே என்றேன். அன்றைக்கு நீர் என்னைப் பார்த்த பார்வையில் கிரைண்டரே ஆஃப் ஆகிவிட்டது.

"சொரசொரப்பத்தான் எடுக்கோணும்ணா. பிடிமானத்த எடுத்தம்னா அது துப்பாக்கி இல்ல, தும்முனா வெடிக்கும்."

ஒவ்வொரு வாரமும் கடைசியில் அந்தச் சோதனை. குண்டு இல்லை என்று மூன்று முறை பார்த்து, கொக்கியை ஏற்றி, அடிக்கட்டையை ரப்பர் விரிப்பில் நங்கென்று குத்துவீர். ட்ரிக்கரை இழுக்காமல் கொக்கி இறங்கினால் துப்பாக்கி தானாகவே வெடிக்கும் என்று அர்த்தம்; ஏறிய கொக்கி ஏறியபடியே நிற்க வேண்டும். நின்றது. நூறு குத்துக்கும் நின்றது. செப்டம்பர் முடிவில் அந்த ட்ரிக்கர் வெண்ணெய்க்குள் கத்தி இறங்குவதுபோல இறங்கியது. ரஷ்யாவுக்குச் செய்தி போயிருந்தால் அழுதிருப்பார்கள்.

போட்டிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. உம் வீட்டில் கார் சாவி, லேப்டாப், மிக்ஸி, தோட்டக் கத்தரி எல்லாவற்றுக்கும் நடுவில் இந்த மகாராஜா. உம் மகள் எட்டிப் பார்த்து, இதற்கு என்ன கல்யாணமா என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுப் போனாள். கட்டையில் மட்டும் அளவாக மூன்று பொட்டு வைத்தீர். எனக்கு மனசு ஆறவில்லை. மூன்று மாதம் உழைத்த இடம் ட்ரிக்கர், அதற்கு ஒரு பொட்டு கிடையாதா? நீர் வாழைப்பழம் எடுக்க உள்ளே போன நேரம் பார்த்து, பன்னீரில் குழைத்த சந்தனத்தை எடுத்து ட்ரிக்கரின் வேரில் தாராளமாக ஒரு பொட்டு வைத்தேன். ராஜராஜ சோழன் கோபுரத்துக்குக் கலசம் வைத்த பெருமை எனக்கு.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. தொடவில்லை. காலையில் கற்பூரம் காட்டி, மூன்று பொட்டையும் துடைத்து, நேரமாகிவிட்டது என்று அப்படியே பெட்டிக்குள் வைத்துக் காரில் ஏற்றினீர்.

மைதானத்தில் நின்று சுடும் கோட்டுக்குப் பின்னால் இருந்த மேசையில் உமது வழக்கமான சோதனை. வேறு யாரும் அங்கே அதைச் செய்யவில்லை, செய்யச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. காலித் துப்பாக்கி, கொக்கியை ஏற்றி ஒரு குத்து. டிக். இறங்கிவிட்டது. இன்னொரு குத்து. டிக். போல்ட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தீர். கொக்கி ஏறி உட்காரும் மூலையில் மஞ்சளாக, சிமென்ட்போலக் காய்ந்து கிடந்தது என் பக்தி. பிடிமானம் நூலளவு விளிம்பில் நின்றுகொண்டிருந்தது.

உம் பெயரைக் கூப்பிடப் பத்து நிமிஷம் இருந்தது. நான் குனிந்து காதோரம் சொன்னேன்: "வே, ஒரு துணிய வச்சுச் சொரண்டிட்டுப் போயி சுடும். எவனுக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமுங்ளே. கழட்டிக் கழுவி, மறுக்கா நூறு தடவ குத்திப் பாக்காம இத்தன பேரு நடுவுல கொண்டுட்டுப் போவ மாட்டனுங்ணா."

அப்புறம் வலது கையைத் தூக்கினீர். அந்தச் சரியாக மடங்காத விரலோடு. அதிகாரி வந்ததும் என் ட்ரிக்கர் பாதுகாப்பாக இல்லை, நான் விலகிக்கொள்கிறேன், தவறு என்னுடையது என்று ஆங்கிலத்தில் சொன்னீர். காரணம் கேட்டதற்கு, சரியாகப் பார்க்காமல் கொண்டுவந்துவிட்டேன் என்றீர். மூன்று மாதமும் ஒரு வருஷத்து ஆசையும் பெட்டிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன.

திரும்பும் வழியில் ஃப்ரீவேயில் இருபது மைலும் மழையைப் பற்றியும் பெட்ரோல் விலையைப் பற்றியுமே பேசிக்கொண்டு வந்தேன். கடைசியில் பொறுக்காமல், சந்தனம் வைத்தது நான்தான் என்றேன்.

"தெரியுமுங்ணா. நான் வச்சது மூணு. நாலாவதுல உங்க பெருவிரல் ரேகையே இருந்துச்சு."

"பொறவு எதுக்குவே ஒம்ம தப்புன்னு சொன்னீரு?"

"வச்சது நீங்க. பாக்காம பெட்டில போட்டது நானுங்ளே. நான் தூக்கிட்டுப் போன பொருளு, என்ர தப்பு." கொஞ்ச தூரம் போனதும் உமக்குச் சிரிப்பு வந்தது. "ஆனாலும் பன்னீர் விட்டுக் கொழச்சிருக்க வேண்டாங்ணா. மணக்குதுங்க."

அதற்கடுத்த சனிக்கிழமை நாம் இருவர் மட்டும் போனோம். கழுவி, மாட்டி, நூறு குத்தும் குத்திய பிறகு. போட்டி இல்லை, மெடல் இல்லை, கைதட்ட நான் ஒருவன். பத்துக் குண்டும் ஒரு டவரா அகலத்துக்குள் விழுந்தன. ஊரெல்லாம் நான் சொல்லும்போது பத்தும் ஒரே ஓட்டையில் போனதாகத்தான் சொல்கிறேன், உமக்கு ஆட்சேபணை இருந்தால் வந்து மறுக்கலாம். அடுத்த வசந்தத்தில், சாலையோரமெல்லாம் நீல நிற ப்ளூபானட் பூக்கள் பூத்துக் கிடந்த வாரத்தில் நீர் தூக்கத்திலேயே போய்விட்டீர். விரலை முந்திக்கொண்டது இதயம். என்னைவிட இரண்டு வயது சின்னவர், வரிசையை மீறியது தவறு, அதற்கு மட்டும் உம்மை நான் மன்னிக்கவில்லை.

போன மாதம் ஒன்று நடந்தது. கோவிலுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் வேனை அதுவரை நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன், அன்று பின்னால் எட்டு மாமிகள். இடதுபக்கம் திரும்பும்போது ஒரு வெள்ளைக் கார் எனக்குத் தெரியவே இல்லை. மயிரிழையில் தப்பினோம். மாமிகள் எல்லோரும் அந்தக் காரோட்டியைத் திட்டினார்கள். நானும் திட்டுவதற்கு அருமையான மூன்று வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

வேனைக் கோவில் வாசலில் நிறுத்தினேன். "அவன் மேல தப்பு இல்ல. எனக்குத்தான் கண்ணு தெரியல. டாக்டர் பாத்துச் சரின்னு சொல்லுத வரைக்கும் நான் ஓட்ட மாட்டேன்" என்றேன். எட்டு மாமிகளும் ஒரே நேரத்தில் பரவாயில்லை என்றார்கள். அவர்களில் இளையவள் ஒருத்தி மட்டும், "நீங்க சொல்லலேன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே அங்கிள், நீங்களே ஏன் சொல்றீங்க?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியுமே என்றேன். சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.