என் சக்களத்திக்கு ஒரு போர்வை

இஞ்சாருங்கோ,

இப்படிக் கூப்பிட்டால் வீட்டின் ஏதோ ஒரு மூலையிலிருந்து "என்னப்பா?" என்று ஒரு குரல் வரும். குரல்தான் வரும், ஆள் வராது. ஆள் கராஜுக்குள் காருக்குக் கீழே படுத்திருக்கும். இப்போது குரலும் வருவதில்லை. ஆனாலும் பழகிய வாய் கூப்பிடுகிறது, என்ன செய்ய?

முதலில் புதினங்களைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அக்காவுக்கு முழங்கால் ஒப்பரேஷன் முடிந்துவிட்டது. நடப்பதற்குத்தான் கொஞ்சம் கஷ்டப்படுகிறா, கதைப்பதற்கு ஒரு குறையும் இல்லை. மகள் அபி வேலையில் பெரிய ஆளாகிவிட்டாள், என்ன வேலை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நான் மெலிந்துவிட்டேன். நீங்கள் இருக்கும்போது மெலிந்திருந்தால் பார்க்க ஒரு ஆளாவது இருந்திருக்கும். அதுவும் நிச்சயமில்லை, உங்கள் கண் எப்போதும் அவள் பக்கம்தானே.

இதை வாசிக்கிறவர்கள் பதறவேண்டாம். அவள் என்று நான் சொல்வது என் சக்களத்தியை. பால் நிற மொறிஸ் மைனர் கார், என்னைவிட வயதில் மூத்தவள், என்னைவிடக் கவனமாகப் பார்க்கப்பட்டவள். எனக்குக் குளிர்கிறது என்றால் "இன்னொரு சுவெற்றரைப் போடன்" என்பீர்கள். அவளுக்கு மட்டும் ஐப்பசி பிறந்தவுடன் போர்வை தேடுவீர்கள்.

போன ஞாயிறு, குளிர்காலம் வருகிறதென்று, இந்த நாட்டில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினார்கள். தீபாவளிக்கு எனக்குச் சேலை எடுக்க மறந்தாலும், அந்த ஞாயிறு அவளைக் குளிருக்குப் படுக்கவைக்க நீங்கள் மறந்ததில்லை. நானும் வருடா வருடம் ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று முணுமுணுத்தவள். முணுமுணுத்தே முழு வேலையையும் பாடமாக்கி வைத்திருக்கிறேன் என்பது இந்த வருடம்தான் எனக்குத் தெரிந்தது.

ஞானம் அண்ணை உதவிக்கு வந்தார். பெற்றோல் ஸ்ரேஷனில் உங்களோடு இரவு ஷிப்ட் செய்தவர், உங்களைப் போலவே பழைய காரைக் கண்டால் பச்சைக் குழந்தையாகிவிடுகிறவர். ஒயில் மாற்றினார். ரேடியேற்றரில் தண்ணீர் உறையாமல் இருக்க மருந்து விட்டார். ராங்கில் பெற்றோலை விளிம்புவரை நிரப்பினார். பிறகு கதவைத் திறந்து உள்ளே கையை விட்டார்.

"ஹான்ட்பிரேக்கை இழுத்துவிடுறன், தங்கச்சி."

"வேண்டாம் அண்ணை! குளிர் முடியும்வரைக்கும் இழுத்துவிட்டால் பிரேக் பிடிச்ச பிடியில ஒட்டிப்போகும். சில்லுக்குக் கல்லு வையுங்கோ."

மனுசன் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கடவுளே, அவன் போயும் அவன்ர வாய் போகேல்லை," என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிய அவர் கல்லுத் தேடப் போனார்.

எலி ஏறாமல் புகைக்குழாய்க்குத் துணி அடைக்க வேண்டும். போன வருடம் கேட்காமல் கொள்ளாமல் என் பச்சைச் சேலையைக் கிழித்தீர்கள், நான் இரண்டு நாள் சமைக்கவில்லை. இந்த முறை பழிவாங்கலாம் என்று உங்கள் கோடு போட்ட சேட் ஒன்றைக் கொண்டுவந்தேன். கத்தரிக்கோலை வைத்தேன், வெட்டவில்லை. திரும்பப் போய் என் சேலை ஒன்றையே எடுத்துவந்து கொடுத்தேன். இதில் யார் வென்றது?

கடைசி வேலை, கழுவித் துடைத்து மெழுகு பூசுவது. ஞானம் அண்ணை சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு என்ஜினை மூடும் பொனற் பக்கம் போனார். அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன்.

சித்திரை வருடப் பிறப்பன்று அவளை வெளியே எடுத்தபோது நீங்கள் வைத்த பொட்டு. கற்பூரம் காட்டி, நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து, பொனற்றின் நடுவில் சந்தனம் தீற்றி, அதன்மேல் மோதிர விரலால் குங்குமம். மழையில் அவளை ஓட்டமாட்டீர்கள், அதனால் கரையவில்லை. ஆடியில் வேலைக்குப் போன நீங்கள் வேலையிடத்திலிருந்தே போய்விட்டீர்கள், அதற்குப் பிறகு யாரும் அவளைக் கழுவவில்லை. குங்குமத்தில் உங்கள் விரல் ரேகை அப்படியே காய்ந்து கிடக்கிறது.

"வையுங்கோ துணியை!"

நான் போட்ட சத்தத்தில் அடுத்த கராஜ்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி? இது கிடந்தால் ஈரத்துக்குச் சாயம் பெயின்றுக்குள்ள இறங்கிடும். பிறகு என்ன தேய்ச்சாலும் போகாது. அவனே வருசா வருசம் போர்வை போட முந்தித் துடைக்கிறவன்தானே?"

தெரியும். ரோச் லைற் பிடித்த எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த ஈரத்துணியை நான் ஏற்கனவே ஒருமுறை பார்த்துவிட்டேன். செத்தவீட்டில் உங்கள் அக்கா அப்படி ஒன்றைத்தான் நனைத்துக்கொண்டு வந்து என் நெற்றியைத் துடைத்துவிட்டா. அவவில் பிழை சொல்லமாட்டேன். அழுதழுதுதான் செய்தா, அவவுக்கும் ஒருகாலம் யாரோ செய்ததுதானே. நான் வாயே திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வாய் திறக்காத நாள் அது ஒன்றுதான், கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள்.

அவளை எனக்குப் பிடிக்காது. அது ஊருக்கே தெரியும். ஆனால் உங்கள் கையால் வைத்த பொட்டோடு இந்த வீட்டில் மிஞ்சியிருப்பது அவள் ஒருத்திதான். அதையும் நானே நின்று அழிக்கவோ?

சத்தம் கேட்டு அபி தேத்தண்ணித் தட்டோடு ஓடிவந்தாள். "என்ன அம்மா, என்ன நடந்தது?"

ஞானம் அண்ணை பொனற்றைக் காட்டினார். "கொம்மா இதைத் துடைக்க விடுறா இல்லை, பிள்ளை."

அபி குனிந்து பார்த்தாள். தொடவில்லை. பிறகு நிமிர்ந்து என் நெற்றியைப் பார்த்தாள்.

"காருக்கு அழிக்கக்கூடாது எண்டால், அம்மா, உங்களுக்கு மட்டும் ஏன் அழிச்சவை?"

உங்கள் மகள்தான், சந்தேகமே இல்லை. கேட்டுவிட்டுத் தேத்தண்ணியை நீட்டுகிறாள்! ஞானம் அண்ணை குனிந்து, காற்று அடித்த ரயருக்கே திரும்பக் காற்று அடிக்கத் தொடங்கினார். நானும் தேத்தண்ணியை வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? உண்மையாகவே கேட்கிறேன்.

பொட்டை விட்டுச் சுற்றிவர மெழுகு பூசினோம். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து குசினியில் வைத்தோம். காற்றுப் போக யன்னலை ஒரு விரலளவு இறக்கிவிட்டு, போர்வையை நானும் அபியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து மூடினோம். பெயின்ற் போகப்போகிறது. நீங்கள் பேசுவீர்கள் என்று தெரியும். பேசுங்கோ. கனவிலாவது வந்து பேசுங்கோ. வீட்டில் சத்தம் இல்லாமல் எனக்குக் காது அடைத்துப்போயிற்று.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். ஒற்றோமற்றிக்கைத் தவிர வேறு கார் தொடாத நான், ஞானம் அண்ணையிடம் கியர் போடப் பழகப்போகிறேன். அவருக்கு இப்போதே பிரஷர் ஏறிவிட்டது. சித்திரை பிறக்கட்டும், அன்றைக்கு மழை இல்லை என்றால் அவளை நானே வெளியே எடுத்து, உங்கள் அக்காவைப் பக்கத்தில் இருத்தி, விம்பிள்டன் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போவேன். அக்கா என் முகத்தைப் பார்ப்பா, பார்க்கட்டும். வரும்போது அவளும் நானும் இரண்டு பேரும் பொட்டோடுதான் வருவோம்.

இன்னும் உங்கள் மனுசிதான்,
மலர்