துரை கொடுத்த சக்கரங்கள்

மூவாரிலிருந்து இன்று காலை நம் மாப்பிள்ளை வந்தார். வெயிலில் நின்ற அவருடைய காரிலிருந்து புது ரப்பர் டயரின் வாசனை கூடம்வரை வந்தது. முன்பிருந்ததைவிடப் பெரிய சக்கரங்களாகப் போட்டிருக்கிறார். "பாருங்க அத்தை, கம்பீரமா இல்ல?" என்றார். மேட்டில் ஏறுகிறதா என்று கேட்டேன். சிரித்தார். நீங்களும் அன்று அப்படித்தான் சிரித்தீர்கள். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

உலு திராம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நீங்கள் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது வாங்கிய அந்தச் சின்னக் காரை ஓட்ட எனக்குக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான். அதை நான் மறுக்கவில்லை. நம் பெண்கள் இருவரும் கல்யாணமாகிப் போன பிறகு, தெப்ராவ் கடைத்தெருவுக்கு நானே ஓட்டிக்கொண்டு போய்ச் சாமான் வாங்கி வருவேன். போக வேண்டும் என்று தோன்றினால் யாரையும் கேட்காமல் போகலாம் என்பது எனக்கு அந்த வயதில்தான் கிடைத்தது.

ஒரு தீபாவளிக்குத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடமிருந்து மற்ற கிராணிகளுக்குப் பிஸ்கட் டின் வந்தது. உங்களுக்குத் துரை தம்முடைய பழைய பெரிய காரின் சக்கரங்களைக் கொடுத்தார். அந்தக் கார் மரத்தில் மோதி நொறுங்கிக் கிடந்தது. சக்கரங்கள் மட்டும் பிழைத்திருந்தன. நீங்கள் தெப்ராவ் பட்டறைச் சீனரிடம் கொடுத்து, நம் கார் அச்சுக்குப் பொருந்தும்படி மாற்றிப் பூட்டினீர்கள். கார் நாலு விரல் உயர்ந்து நின்றது. சேற்றுப் பள்ளத்தில் அடி தட்டவில்லை. சமதரையில் என்ஜின் இரைச்சலும் குறைந்தது. நல்லதை நல்லதென்றே சொல்கிறேன்.

ஆனால் ஸ்டீரிங்கைத் திருப்பத் தோள் வலித்தது. வளைவில் டயர் மட்காட்டை உரசியது. ஒருநாள் ரப்பர் பால் கொட்டகைச் சரிவில் இறங்கும்போது, கீழே மாட்டுவண்டி குறுக்கே வந்தது. எப்போதும் மிதிக்கும் இடத்தில், எப்போதும்போல் பிரேக்கை மிதித்தேன். கார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. லாலான் புல்லுக்குள் திருப்பி இறக்கினேன். யாருக்கும் அடியில்லை. மாடுகள் மட்டும் மிரண்டு ஓடின. "கிராணியம்மாவுக்கு நம்ம மாட்டு மேல என்ன கோவமோ" என்று கங்காணி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

நீங்கள் சாப்பாட்டுக்கு வந்தபோது செய்தி அதற்குள் உங்கள் காதுக்கு எட்டியிருந்தது. "பொம்பள கைக்கு இது ஒத்து வராது. சாவியக் குடு" என்றீர்கள். கொடுத்தேன். சாவி உங்கள் கோட்டுப் பைக்குள் போயிற்று.

என் கையில் குறையில்லை, சக்கரத்தில்தான் குறை என்று அன்றே சொன்னேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் தையல் மெஷின் மிதித்தவளுக்கு இது தெரியாதா? கனத்த இரும்புச் சக்கரத்தைச் சுழலவைக்கக் கால் நோகும். சுழன்ற பிறகு காலை எடுத்தாலும் அது நிற்காமல் ஓடித் துணியைப் பாழாக்கும். நம் காரின் என்ஜின் சின்னது, பிரேக்கும் சின்னது. சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றில் அதிக தூரம் போக வேண்டும். மேட்டில் அதற்கு வேண்டிய பலத்துக்குச் சின்ன என்ஜின் எங்கே போகும்? நீங்கள் கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள். சரி, துரையின் பங்களா மேட்டில் நீங்களே ஏற்றிக் காட்டுங்கள் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்றினீர்கள். பாதி மேட்டில் என்ஜின் அணைந்தது. நான் இறங்கிச் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தேன். மறுபடியும் ஏற்றினீர்கள்; மறுபடியும் அணைந்தது. பெட்ரோல் சரியில்லை என்றீர்கள். அது எப்போதும் போடும் பெட்ரோல்தான்.

உண்மைக் காரணம் திரும்பும் வழியில்தான் உங்கள் வாயிலிருந்து வந்தது. "தொரை குடுத்தத கழட்டினா, அவர் மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிடும்." துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கிக் குடையை மடக்கி நின்ற காலம் அது. எனக்கும் தெரியும். ஆனால் அவருடைய மரியாதைக்காக நான் கையாலாகாதவள் என்று பெயர் வாங்கமாட்டேன்.

ஆங்கில வருஷப் பிறப்பன்று கிராணிகள் எல்லோரும் மாலையும் எலுமிச்சம்பழமுமாகப் பங்களாவுக்குப் போக வேண்டும். முதல்நாள் நீங்கள் ஆபீசில் இருந்தபோது பட்டறைச் சீனரை வரவழைத்து, தூண்கள்மேல் நின்ற வீட்டுக்கடியில் கிடந்த நம் பழைய சக்கரங்களைப் பூட்டவைத்தேன். காலையில் மாலையோடு வெளியே வந்த நீங்கள் காரைப் பார்த்தீர்கள், முகம் வெளுத்துவிட்டது. துரை கேட்டால் என்ன சொல்வாய் என்றீர்கள். கேட்டால் சொல்கிறேன் என்றேன். நேரமாகிக்கொண்டிருந்தது. சாவியை என் கையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தீர்கள். பங்களா மேட்டில் கார் ஒரே மூச்சில் ஏறியது.

துரையின் கண் நேராகச் சக்கரத்துக்குத்தான் போயிற்று. "கிராணி, நம்ம சக்கரம் எங்கே?" என்றார். நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அவருடைய பெரிய என்ஜினுக்குச் செய்த சக்கரம் எங்கள் சின்ன என்ஜினுக்குப் பாரம். ஏறவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நன்றியோடு திருப்பி அனுப்புகிறேன் என்றேன். அவர் முகம் சிவந்தது. என்னைப் பார்க்காமல் உங்களைப் பார்த்துக் கேட்டார்: "இந்த வண்டி யாரு ஓட்றது? நீயா, அவளா?"

மற்ற கிராணிகள் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீங்கள் கையில் மாலையோடு நின்றீர்கள். நீங்கள்தான் ஓட்டுவதாகச் சொல்லியிருக்கலாம். சொல்வீர்கள் என்றே நினைத்தேன்.

"அவங்கதான் ஓட்றாங்க, தொரை. நான் பக்கத்துல உக்காருவேன்."

அதன்பிறகு பெரிய கிராணி வேலை உங்களுக்கு வரவில்லை. அதற்காக என்னை ஒரு நாளும் நீங்கள் குறை சொன்னதில்லை. சக்கர விஷயத்தில் நான் சொன்னதே சரி என்று கடைசிவரை ஒப்புக்கொள்ளவும் இல்லை. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நான் வாயை அடக்கியிருந்தால் நீங்கள் எங்கேயோ போயிருப்பீர்கள் என்று உங்கள் சாவு வீட்டிலேயே உங்கள் மனிதர்கள் பேசினார்கள். பேசட்டும். அன்று அந்த மேட்டில் நீங்கள் நின்ற இடத்தைவிட உயர்ந்த இடம் எது என்று அவர்களுக்குத் தெரியாது.

இந்த வயதில் டிரைவர் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நானேதான் ஓட்டுகிறேன். சந்தைக் கூடையைப் பின்சீட்டில் வைக்கிறேன். முன்சீட்டில், எனக்குப் பக்கத்தில், எதையும் வைப்பதில்லை.