பன்னிரண்டு பேரும் சொன்ன ‘தெரியாது’

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே அப்பா, தம்பி, நான் மூவரும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். தம்பிக்குச் சளி விட்டுவிட்டது, பேச்சுதான் விடவில்லை. குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று அப்பா கழற்றிப் போட்டதில் இரண்டு நாளாக வாளியும் கையுமாக இருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை நீ ஆய்வேட்டைக் கொடுப்பதற்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உன் குடைக் கதையை எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கேட்டு எழுதச் சொன்னாயே, காலையில் ஒருத்தி பீரோவில் குடையை வைக்கிறாள், அவளுக்குத் தெரியாமல் அதை யாரோ எடுத்துப் போக, நாத்தனார் தன் குடையை அங்கே வைத்துவிடுகிறாள், மாலையில் இவள் பீரோவில் குடை இருக்கிறது என்கிறாள், சொன்னது சரிதான், ஆனால் அவளுக்கு அது ‘தெரியும்’ எனலாமா என்று. கேட்ட பன்னிரண்டு பேரும் ‘தெரியாது’ என்றார்கள் என எழுதினேன், நீயும் எல்லோருக்கும் இப்படித்தான் தோன்றுகிறது என்று ஓர் அத்தியாயத்தையே அதன்மேல் கட்டிவிட்டாய். போன திங்கட்கிழமை பிரேம் மாட்டுகிறவர், “அக்கா, நீங்க கேட்ட தோரணையிலேயே பதில் இருந்துச்சு, மாத்திச் சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவீங்கன்னு தலையாட்டிட்டேன், அவ குடை இருக்குன்னு சொன்னா, இருந்துச்சு, அப்புறம் என்ன தெரியாது?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. இந்த லென்ஸா அந்த லென்ஸா, எதில் எழுத்து தெளிவு என்று குரலை ஏற்றாமல் இறக்காமல் கேட்டே இருபது வருடமாகக் கண் பார்க்கிறவள் நான். உனக்கு வேண்டிய பதில் எது என்று தெரிந்ததும் என் குரல் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. அதே பன்னிரண்டு பேருக்கும் மறுபடி கதையை எழுதிக் கொடுத்து வெளியே போய்விட்டேன், வந்த சீட்டுகளில் ஏழு ‘தெரியும்’, ஐந்து ‘தெரியாது’.

அவளுக்குத் தெரியாது என்றுதான் எனக்கு இப்போதும் தோன்றுகிறது, அதை நான் விடவில்லை, தோன்றுவதையும் ஒதுக்கிவிட்டால் உங்கள் தத்துவப் படிப்பில் எங்கிருந்து தொடங்குவது? ஆனால் எனக்கும் உனக்கும் தோன்றியதாலேயே எல்லோருக்கும் தோன்றியதாகிவிடாது. பிரேம் மாட்டுகிறவரை விவரம் புரியாதவர் என்று தள்ளிவிடாதே, அவருக்கு ஏன் அப்படி, உனக்கு ஏன் இப்படி என்று அங்கிருந்து எழுது. அவகாசம் கேட்டால் உன் பேராசிரியர் முகம் சுளிப்பார், அம்மா செய்த பிழை என்றே சொல், ஆனால் ‘எல்லோருக்கும்’ என்ற அந்த வரியை நீதான் அடித்துவிட வேண்டும்.

சீட்டுகளை இத்துடன் வைத்திருக்கிறேன். மனசும் உடம்பும் திடமாக இருந்து நினைத்ததை முடிப்பாய், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. திருத்திய பக்கங்களை மறக்காமல் அனுப்பு, நன்றாக இருக்குதானேம்மா என்று மட்டும் கேட்டு அனுப்பாதே.

அன்புடன்,
அம்மா