இன்னும் ஒரு சாமான் வரணும்

மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். விரலிடுக்கில் மண்ணெண்ணெய் வாடை போகவில்லை. மத்தியானம் ரொட்டிக்கு மாவு பிசைந்தபோதும் அது கூடவே வந்தது. நீங்கள் இருந்திருந்தால், "என்னா புள்ள, இன்னிக்கு பைக் ரொட்டியா?" என்று கேட்டுச் சிரித்திருப்பீர்கள். அந்தச் சிரிப்புக்காக உங்களை எத்தனை தடவை மன்னித்திருக்கிறேன் என்று நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

வாடைக்குக் காரணம் உங்கள் பைக்தான். இன்று காலை அதை வாங்க ஓர் ஆள் வந்தார். மகள் ஆக்லாந்திலிருந்து எனக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள், அடுத்த மாதம் இந்தத் தீவை விட்டுப் புறப்பட வேண்டும். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு ஜோசுவாவிடம் கொடுத்துவிடலாம். பைக்கை அப்படிக் கொடுக்க முடியாது, விற்றாக வேண்டும். அந்த ஆள் வந்தபோது நான் என்ன செய்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நீங்கள் செய்ததைச் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த வண்டி முதலில் சர்க்கரை மில் ஓவர்சியர் ஒருவருடையது. வெள்ளைக்காரர். தன் ஊருக்குத் திரும்பியபோது உங்களிடம் விற்றுவிட்டுப் போனார். நின்ற இடத்திலெல்லாம் எண்ணெய் சொட்டும். வாசலில் இருக்கிற கறையைப் பார்த்தே நீங்கள் யார் வீட்டுக்குப் போய்வந்தீர்கள் என்று நம் பா டவுனே சொல்லும். ஓவர்சியர் தனி ஆள், அதனால் ஒரே சீட். நமக்குக் கல்யாணம் ஆனதும் மில் ஒர்க்‌ஷாப்பில் பழைய இரும்பை வெட்டி ஒட்டவைத்து எனக்கென்று ஒரு பின்சீட் செய்தீர்கள். கரும்புக்காட்டுச் சேறு ஏறுகிறது என்று மட்கார்டை உயர்த்தினீர்கள். பின்னால் காய்கறிக் கூடை வைக்க ஒரு கம்பிச் சட்டம் போட்டீர்கள். நம் கல்யாணப் பத்திரிகையிலிருந்து ஒரு துண்டைக் கத்தரித்து டூல் பெட்டியில் வைத்துக்கொண்டதும் அப்போதுதான். பாயிண்டின் இடைவெளி அந்த அட்டையின் கனம் இருந்தால் சரி என்பீர்கள்.

பாயிண்ட் என்கிற அந்தச் சாமானை என்னால் மறக்கவே முடியாது. எஞ்சினில் தீப்பொறி விழவைப்பது அதுதான். உள்ளங்கையில் அடங்கிவிடும். அதைக் கழற்றிவிட்டால் எந்தப் பயில்வான் வந்து உதைத்தாலும் வண்டி கிளம்பாது. பட்டாளம் ஆட்சியைப் பிடித்த முதல் கூ நடந்த வருஷம், ரோட்டில் போகிற வண்டியை நிறுத்திப் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. சாயங்காலம் ஆனால் நம் தெருவில் வண்டி வைத்திருந்த ஆண்கள் எல்லாரும் ஆளுக்கொரு சாமானைக் கழற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போவார்கள். நீங்கள் பாயிண்டைக் கழற்றி ஒரு துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் போடுவீர்கள். காலையில் அரிசி அளக்கும்போது எண்ணெய்த் துணி கையில் தட்டும். நானும் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைச் சட்டம் வந்தது. வேலை செய்யக்கூடாது, பஸ் கிடையாது, பந்துகூட ஆடக்கூடாது. நீங்களா சும்மா இருப்பவர்? பைக்கை உருட்டிக்கொண்டு வந்து ஹாலில் நிறுத்தி, கீழே கோணிச்சாக்கைப் போட்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு அரம் போட்டீர்கள். ஒரு ஞாயிறு போலீஸ்காரர் ஒருவர் கதவைத் தட்டினார். நான் பதறிப்போய்ப் பைக்மேல் படுக்கை விரிப்பைப் போர்த்தி, முன்னால் ஊதுபத்தி ஏற்றி வைத்தேன். அவர் விரிப்பையும் பார்த்தார், அதற்குக் கீழே பரவுகிற எண்ணெயையும் பார்த்தார். "சன்டே கே காம் நை கரோ, பையா" என்று, ஞாயிற்றுக்கிழமை வேலை வேண்டாமென இந்தியில் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை தன் தம்பியின் போட் எஞ்சினைப் பார்க்க வருவீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் சட்டம் போன பிறகும் பைக் ஹாலை விட்டுப் போகவில்லை.

அந்தச் சட்டம் வந்த வருஷமே என் அண்ணன் நியூசிலாந்திலிருந்து, நாம் அங்கே குடியேறுவதற்கான பேப்பர் அனுப்பினார். தெருவில் பாதி வீடு காலியாகிக்கொண்டிருந்தது. எனக்குப் போக வேண்டும். வெட்கப்படாமல் சொல்கிறேன், எனக்கு எப்போதும் போக வேண்டும் என்றுதான் இருந்தது. நீங்கள் மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டீர்கள். அதே வாரம் எஞ்சினைக் கழற்றி ஹால் முழுக்கப் பரப்பினீர்கள்.

"ஓடுற வண்டின்னாதான் ஆளு வாங்கும், புள்ள. இன்னும் ஒரு சாமான் வரணும். வந்ததும் பூட்டி வித்துட்டுப் போயிரலாம்."

சாமான் வரவில்லை. பேப்பரோடு வைக்க வேண்டிய டாக்டர் சர்ட்டிபிகேட்டுக்குக் கெடு முடிந்தது, பயணமும் போயிற்று. அடுத்த வாரம், "சாமான் வந்திருச்சு, சுவா பஸ்ல குடுத்து விட்டாங்க" என்று சொல்லிப் பூட்டினீர்கள். வண்டி கிளம்பியது. பைத்தியக்காரி நான், பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து சந்தோஷமாக மார்க்கெட்டுக்கு வந்தேன். சில வருஷம் கழித்து அண்ணன் மறுபடி பேப்பர் அனுப்பினார். மறுபடி எஞ்சின் தரைக்கு வந்தது. மறுபடி ஒரு சாமான் வர வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் இந்த ஹாலில் நான் எப்படி நடந்தேன் என்று உங்களுக்குத் தெரியுமா? ஜன்னல் பக்கம் வண்டி, கதவுப் பக்கம் நீங்கள். நடுவில் நட்டும் போல்ட்டும் மிதிபடாமல் சுவரோரமாக ஒதுங்கித்தான் போவேன். கட்டிலுக்கடியில் என் சூட்கேஸ் நிறையும், காலியாகும். கடைசியில் நீங்கள் அதில் ஸ்பேனர்களைப் போட்டு வைத்தீர்கள். நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்த கூ வந்தபோது மகள் நமக்காகக் காத்திருக்கவில்லை. நர்ஸ் வேலைக்கு எழுதிப்போட்டுத் தனியாகக் கிளம்பினாள். நான்டி ஏர்போர்ட்டில் அவள் தலையைத் தடவி, "பின்னாடியே வர்றோம், பாப்பா" என்றீர்கள். அப்போதும் ஹாலில் எஞ்சின் பரப்பித்தான் கிடந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் வழியாகக் கரும்பையே பார்த்துக்கொண்டு வந்தவர், லௌதோகா தாண்டியதும் பேசினீர்கள்.

"அங்க கெட்டுப்போனதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குவாங்களாம். நான் அங்க போயி என்னா செய்றது?"

நான் அழுதுகொண்டிருந்தேன். பதின்மூன்று வருஷமாக நீங்கள் சொல்லாததைச் சொல்கிறீர்கள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அப்புறம் உங்களுக்குச் சர்க்கரை முற்றியது, கால் போயிற்று. ஒரு மழைக்காலத்தில் நீங்களும் போனீர்கள். வண்டியை நீங்கள் திரும்பப் பூட்டவே இல்லை.

நான் பூட்டினேன். சிரிக்காதீர்கள். இத்தனை வருஷம் உங்களுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள் நான். பிஸ்கட் அட்டையை வெட்டி கேஸ்கெட் செய்தேன். கார்புரேட்டர் ஜெட்டை ஊதி, கடுகைவிடச் சின்ன அந்த ஓட்டையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தேன். ஒயரை மாற்றலாம் என்று ஹெட்லைட்டைத் திறந்தபோது உள்ளே ஒரு துணிப்பொட்டலம் இருந்தது. அரிசி டின்னில் தினமும் என் கையில் தட்டிய அதே துணி. உள்ளே பாயிண்ட். வரணும் வரணும் என்று நீங்கள் சொன்ன, எங்கிருந்தும் வர வேண்டியிராத சாமான்.

உங்கள் போட்டோ முன்னால் நின்று வாயில் வந்தபடி திட்டினேன். சத்தம் கேட்டு ஜோசுவா ஓடி வந்தார், வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்டான் என்று நினைத்து. அவரிடம் என்ன சொல்வது? என் ஆயுசில் பாதியை என் புருஷன் ஒரு லைட்டுக்குள் பூட்டி வைத்திருந்தார் என்றா? டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

நேற்று பாயிண்டைப் பூட்டி, பத்திரிகை அட்டையை நுழைத்து இடைவெளி வைத்து, நாலாவது உதையில் கிளப்பினேன். ரொம்ப நேரம் அணைக்க மனசில்லாமல் நின்றேன்.

இன்று காலை அந்த ஆள் வருவதற்கு முன்னால் பாயிண்டைக் கழற்றிவிட்டேன். கை தானாகப் போயிற்று என்று சொன்னால் அது பொய். ஸ்பேனரைத் தேடி எடுத்து, நிதானமாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் துடைத்து, தலையில் போடுகிற ஓர்னியின் முனையில் முடிந்துகொண்டேன். பாவம், அவர் ஏழெட்டுத் தடவை உதைத்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஓடும் என்று சொன்னீர்களே ஆண்ட்டி என்று இந்தியில் கேட்டார். நானும் இந்தியில்தான் சொன்னேன், ஆனால் வாயில் வந்தது உங்கள் வார்த்தை. இன்னும் ஒரு சாமான் வர வேண்டும், வந்ததும் சொல்லி அனுப்புகிறேன்.

சற்றுமுன் மகள் போன் செய்தாள். பைக் விற்றாயிற்றா என்று கேட்டாள். அவளிடமும் அதையே சொன்னேன். அவளுக்குத் தெரிந்த அரைத் தமிழில் கேட்டாள்.

"அம்மா, சாமான் உங்க கையில இருக்கா? அப்பா மாதிரியா?"

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அரிசி டின்னில் கை விட்டு விளையாடிய பிள்ளைதானே. நான் போனை வைத்துவிட்டேன்.

டிக்கெட் மேஜைமேல் இருக்கிறது. முடிச்சை இன்னும் அவிழ்க்கவில்லை. என்னால் இந்த ஒரு பகல்கூட இதை நிம்மதியாகச் சுமக்க முடியவில்லை. இத்தனை வருஷம் இதை ஒளித்து வைத்துக்கொண்டு என் பக்கத்தில் எப்படித் தூங்கினீர்கள்?