மூடி வைத்த துளி

அன்புள்ள மூடிக்கு,

இங்கே நானும் என் வீட்டாரும் சுகம். நீ சுகமா என்று உன்னைக் கேட்டுப் பயனில்லை என்பதால் உன் அண்ணியிடமே கேட்டுவிட்டேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயாம். அண்ணன் கடையில் உட்கார்ந்து பேனாக்களுக்கு விலைச்சீட்டு ஒட்டுகிறாயாம். ஆய்வுக்கூடம் என்று யாராவது வாயெடுத்தால் எழுந்து போய்விடுகிறாயாம். "போனை எடுக்கச் சொல்லிப் பார்த்துட்டேன், கேட்கவே மாட்டேங்கிறா. நீங்க எழுதிப் போடுங்க, நான் கையில குடுத்துடறேன்" என்றார். நல்ல மனுஷி. கிழிப்பதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

முதலில் வீட்டுச் சேதி. என் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பள்ளியில் போட்டோ எடுத்த அன்று வாயைத் திறக்கவே மாட்டேன் என்று அடம். வீட்டுக்காரருக்கு அச்சகத்தில் வேலை அதிகம்; வீட்டுக்கு வந்ததும் முதுகு வலிக்கிறது என்கிறார், ஆனால் கிரிக்கெட் பார்க்கும்போது மட்டும் அந்த வலி எங்கே போகிறது என்று தெரியவில்லை.

நீ ஏன் வேலையை விட்டுப் போனாய் என்று இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் உட்காரவைத்துச் சொன்னேன். பென்சில் பருமனில் ஒரு குச்சி, அதன் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு கரி வட்டம், அதுதான் எலெக்ட்ரோடு. அதைக் கரைசலில் நிறுத்தி மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றினால், உள்ளே இருக்கும் பொருள் ஒவ்வொன்றும் தன் முறை வந்ததும் எலெக்ட்ரானை விட்டுக்கொடுக்கும். திரையில் கோடு ஒரு மேடாக எழும்பும். வம்பு எங்கே என்றால், டோபமினும் வைட்டமின் சியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முண்டியடித்துக்கொண்டு வரும். இரண்டு மேடும் சேர்ந்து ஒரே கும்பலாகிவிடும். சில குழந்தைகளுக்கு வரும் ஒரு கட்டியில் சிறுநீரில் டோபமின் கூடுகிறது. அதே சிறுநீரில் வைட்டமின் சியும் இருக்கிறதே, எது எது என்று எப்படிச் சொல்வது? நீதான் அந்தக் கரி வட்டத்தின் மேல் கார்பன் நுண்குழாயும் பாலிமரும் கலந்த கறுப்புக் கலவையை ஒரு துளி விட்டு, உலர்த்திப் படலமாக்கி, இரண்டையும் தனித்தனி மேடாகப் பிரித்துக் காட்டினாய். இவ்வளவையும் கேட்டுவிட்டு, "இவ்வளவு கெட்டிக்காரப் பொண்ணு பேனா வித்துக்கிட்டு இருக்கா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த வாரத்தை நான் மறக்கவில்லை. உன் கட்டுரையைப் படித்த வேறொரு ஆய்வுக்கூடத்தார், தங்களுக்கு மேடு பிரியவில்லை என்று எழுதினார்கள். சார் நம் எல்லோரையும் சுற்றி நிற்கவைத்து உன்னைச் செய்யச் சொன்னார். ஒரே மேடு. மறுநாளும் ஒரே மேடு. வாரம் முழுக்க அதேதான். நாம் 'அவசரம்' என்று பெயர் வைத்த சீனியர் இருக்கிறாரே, அவர் உன் காதருகே வந்து, "பழைய நல்ல கிராஃபையே அனுப்பிடலாம், யாருக்குத் தெரியப்போகுது" என்றார். நீ அவரைப் பார்த்த பார்வையில் மனிதர் அன்று டீ குடிக்கக்கூட வரவில்லை. பிறகு சாரிடம் போய், "எனக்கே வரலைன்னா மத்தவங்களை எப்படி சார் நம்பச் சொல்றது? கட்டுரையைத் திரும்ப வாங்கிடுங்க" என்றாய். இந்த வேலையில் நான் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். தன் முடிவில் ஓட்டை என்று தானே எழுந்து சொன்னவளை அன்றுதான் பார்த்தேன். பெருமையாகவும் இருந்தது, வேதனையாகவும் இருந்தது.

இனி சொல்லவந்த விஷயம். நிதானமாகப் படி.

ஆய்வுக்கூடத்தில் வெள்ளையடிக்கிறார்கள். கூரையைச் சுரண்டுவதால் மேஜை, நாற்காலி, தலைமுடி எல்லாம் சுண்ணாம்புத் தூள். நீ வைத்துப்போன கலவை மிச்சமிருந்தது. மனசு கேட்காமல் அதில் ஒரு துளியை எலெக்ட்ரோடில் விட்டேன். தூள் விழுமே என்று கைக்கு எட்டிய பீக்கரைக் கவிழ்த்து மூடினேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஈரம் போகவில்லை. கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தேன், இன்னும் லேசாக ஈரம். அடுப்பில் வைத்த பால் பொங்கிவிட்டதா என்று பார்ப்பதுபோல் எத்தனை தடவை எட்டிப் பார்த்தேன் தெரியுமா? சாயங்காலம்தான் உலர்ந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். படலம் ஓரம் முதல் நடுவரை ஒரே சீராக இருந்தது. அதைக் கரைசலில் இறக்கி மின்னழுத்தத்தை ஏற்றினேன்.

இரண்டு மேடு. தனித்தனியாக.

நாற்காலியில் உட்காரக்கூடத் தோன்றவில்லை. அப்புறம்தான் புத்தியில் உறைத்தது. நீ எதைத்தான் மூடாமல் விட்டாய்? தண்ணீர் டம்ளரை மூடுவாய், டீக்கு மேல் சாசரைக் கவிழ்ப்பாய், அடுத்தவர் தட்டில் ஈ உட்கார்ந்தால் அதற்கும் மூடி தேடுவாய். அதற்காகத்தானே உனக்கு இந்தப் பெயரே வைத்தோம். எலெக்ட்ரோடில் துளி விட்டாலும் பீக்கரைக் கவிழ்த்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் போவாய். உனக்கு அது செய்முறையில்லை, சுத்தம். அதனால் கட்டுரையில் "உலர்ந்தபின்" என்று மட்டும் எழுதினாய்; படித்துச் செய்தவர்களுக்கு மூடத் தெரியவில்லை. எல்லோரும் சுற்றி நின்ற அந்த வாரத்தில் சாருக்கு உடனே முடிவு வேண்டும். அவசரம் ஒவ்வொரு தடவையும் சூடேற்றும் விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து துளிக்கு மேலே பிடித்தார். சுத்தத்துக்குத்தானே மூடி என்று நீயும் விட்டுவிட்டாய்.

அதையும் சரிபார்த்தேன். விளக்கில் காயவைத்த துளியில் கறுப்பு முழுக்க ஓரத்துக்கு ஓடி வளையமாக ஒதுங்குகிறது, நடுவில் வெறும் கரி. ஒரே மேடுதான். மூடி வைத்து மெல்ல உலர்ந்ததில் ஒவ்வொரு தடவையும் இரண்டு மேடு. உன் வேலையில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தைச் சார் எழுதி வைத்துவிட்டார். இன்னும் அனுப்பவில்லை. நான் போய், கொஞ்சம் பொறுங்கள், காரணம் கேட்காதீர்கள் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒரு வாரம்தாம்மா. அதுக்குமேல வச்சிருந்தா நல்லா இருக்காது" என்றார். அந்த வாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதை நான் இங்கே யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கடிதம் அன்றே குப்பைக்குப் போயிருக்கும், எனக்கும் நல்ல பெயர் கிடைத்திருக்கும். நான் ஒன்றும் தியாகி இல்லை. ஒரு ராத்திரி அப்படியும் யோசித்துப் பார்த்தேன், பொய் சொல்வானேன். ஆனால் அந்த விட்டுப்போன வரியை எழுத வேண்டியவள் நீ. நான் சொன்னால், பாவம், எதையோ குழப்பிவிட்டாள், பக்கத்து மேஜைக்காரி காப்பாற்றினாள் என்று முடிந்துவிடும். நீ வந்து, எல்லோரும் சுற்றி நிற்க, அவசரத்தின் விளக்கை ஒதுக்கிவைக்கச் சொல்லிவிட்டு, உன் கையால் செய்து காட்ட வேண்டும். அது உலரும்வரை அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கட்டும். சார் உட்பட.

பயமாக இருக்கும், தெரியும். மறுபடியும் எல்லோர் முன்னாலும் இரண்டு மேடு வராமல் போனால் என்று நினைப்பாய். போனால் போகட்டும், இரண்டு பேருமாக உட்கார்ந்து தேடுவோம். வேலைக்குத் திரும்புவதா இல்லையா என்பதுகூட உன் இஷ்டம்; உனக்குக் கடைதான் பிடித்திருக்கிறது என்றால் நானே வந்து பேனா வாங்குகிறேன். ஆனால் இல்லாததைப் பார்த்துவிட்டோம், ஊரை ஏமாற்றிவிட்டோம் என்று உன்னை நீயே நினைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கிறாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீ பார்த்தது நிஜம்டி. நானும் என் கண்ணால் பார்த்துவிட்டேன். கிளம்பி வா.

வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் பக்கத்து மேஜைக்காரி