கவ்வாத்து மட்டம்

ஜனவரி 5, 2025. ஞாயிறு.

காலையில் வாசலில் லொறிச் சத்தம். எட்டிப் பார்த்தால் டிரைவர் இறங்கி நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி, "பாம் கொண்டாந்திருக்கோம், எங்க எறக்குறது?" என்கிறான். பக்கத்துத் தோட்டத்தில் உருளைக்கிழங்குக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த பொன்னையா அண்ணன் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அவர் வயதுக்காரர்களுக்கு அந்தச் சொல்லுக்கு இன்னும் ஒரே அர்த்தம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெடிக்கிற பாமாக இருந்தால் ஒரேயடியாக முடிந்திருக்கும்.

வந்தது பாம் மரங்கள், பனை தென்னைச் சாதி அழகு மரங்கள். பொல்பிட்டியப் பக்கத்துப் பண்ணையிலிருந்து வந்தவையாம். எல்லாம் என் தம்பி துஷாந்தின் கூத்து. கட்டாரிலிருந்து திரும்பிய நாள் முதல், அப்பா கட்டிய இந்த வீட்டை கெஸ்ட் ஹவுஸ் ஆக்குகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். ஏப்ரல் சீசனுக்குத் திறப்பாம். கந்தப்பளைக்கு வருகிறவன் குளிருக்காக வருகிறான். அவனுக்கு இவன் கடற்கரையைக் காட்டப் போகிறான்.

நேற்று நான் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து என் லீக்ஸ் பாத்தியைக் கொத்திக் குழி வெட்டியிருக்கிறான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிடுங்கின லீக்ஸை ஒரு பேசினில் போட்டு என் கதவுப் பக்கம் வைத்துவிட்டு, "சூப் வச்சிக்குங்க மதினி" என்றாள் அவன் பெண்டாட்டி பிரியந்தி. வைக்கிறேன்டி, வைக்கிறேன்.

ஜனவரி 6

வேலையிலும் இதே நினைப்புத்தான். நுவரெலியாவில் நான் வேலை செய்வது பூச்செடிப் பண்ணையில், நாற்றுப் பகுதியில். ஹோட்டல்காரர்கள் பாம் கேட்டு வருவார்கள். பனி பெய்து கருகினதும் சண்டைக்கு வருவார்கள். எது எவ்வளவு குளிர் தாங்கும் என்று கேட்டால் சொல்ல நான் இருக்கிறேன். ஒரே வீட்டில் இருக்கிறவன் கேட்டானா?

வந்திருப்பவர்கள் யார் யார் என்று பார்த்துவிட்டேன். ராயல் பாம்: பளபளவென்று தூண் மாதிரி நிற்பார், உறைபனி பட்டால் மட்டை எல்லாம் போய்விடும். நரிவால் பாம்: அவரைவிட மோசம். மஞ்சள் பாம்: இலை ஒன்றும் மிஞ்சாது. இது போதாதென்று தென்னங்கன்று! கந்தப்பளையில் தென்னை! மலைப்பக்கத்துக் கித்துள் பனை கொண்டுவந்திருந்தாலாவது முக்கி முனகி நின்றிருக்கும். கானறி ஈச்சை என்றால் எந்தப் பனிக்கும் அசையாது. ஆனால் அதெல்லாம் போட்டோவில் பாலித் தீவு மாதிரித் தெரியாதே.

இந்த வீட்டில் குளிருக்குப் பிறந்த பாம் ஒன்றுதான். என் அறை ஜன்னலுக்கு வெளியே நிற்கிற சீனப்பனை. பண்ணையில் வேண்டாம் என்று வீசின விதையை எடுத்து வந்து முளைக்க வைத்தேன். இப்போது கூரைக்கு மேலே விசிறி விரிக்கிறது. தண்டு முழுக்க கம்பளி சுற்றின மாதிரி நார். காய்ந்த பழைய இலைகள் பாவாடை மாதிரிச் சுற்றித் தொங்கும், நான் வெட்டுவதில்லை. எத்தனை பனி பார்த்துவிட்டது! ஒரு இலை நுனிகூடக் கருகினதில்லை. இந்த வீட்டில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த அறையும் அந்த மரமும்தான்.

ஜனவரி 9

அதற்கும் வந்துவிட்டான்.

"அக்கா, ரோட்டுப் பக்கம் ஒன் ரூம் மட்டுந்தான் இருக்கு. ரிசெப்சனுக்கு அதுதான் தோதா இருக்கும். நீ பின்னாடி ஸ்டோர் ரூமுக்கு மாறிக்கயேன். இல்லாட்டி மஸ்கெலியாவுல லெட்சுமி அக்காவோட இருந்துக்கலாம்ல?"

அப்பா சாகக் கிடந்தபோது அந்த அறையில்தான் நான் அவருக்கு மலச்சட்டி பிடித்தேன். அப்போது இவன் போனில் அழுதுகொண்டிருந்தான். இப்போது எனக்கு ஸ்டோர் ரூம். உரமூட்டையும் நானும்.

"செத்தா எடுத்துக்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். ஏப்ரலுக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். முடிவைத்தான் சொல்லிவிட்டேனே!

ஜனவரி 15

நேற்றுப் பொங்கல். பானை அவன் பக்கம் பொங்கியது. நான் என் அறையில் ஸ்டவ்வில் வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 21

காற்றே இல்லை. வானம் கழுவித் துடைத்த மாதிரி. பகலில் சுள்ளென்று வெயில், பொழுது சாய்ந்ததும் எலும்பு வரைக்கும் குளிர். நாளைக்குப் பனி விழும். எனக்குத் தெரியும், பொன்னையா அண்ணனுக்கும் தெரியும். ஹோஸ் பைப்பை இழுத்து வரப்போரமாகத் தயாராக வைத்திருக்கிறார்.

துஷாந்த் குழி வெட்டினது தோட்டத்திலேயே பள்ளமான இடம். குளிர்க்காற்று தண்ணீர் மாதிரி இறங்கி வந்து அங்கேதான் தேங்கும். அதனால்தான் அங்கே லீக்ஸ் போட்டேன். சாக்கும் மானாப்புல்லும் போட்டு மூடினால் பாதியாவது தப்பும். சொல்லலாம்.

சொல்லமாட்டேன்.

ஜனவரி 22

புல்லெல்லாம் உப்புத் தூவின மாதிரி வெள்ளை. பிரியந்தி போனைத் தூக்கிக்கொண்டு, "மதினி, வெளிநாடு மாதிரியே இருக்கு!" என்று ஓடி ஓடிப் படம் பிடித்தாள். ராயல் பாம் மட்டைகளில் பனி ஒட்டி மின்னியது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

பொன்னையா அண்ணன் வெயில் ஏறுமுன் உருளைக்கிழங்கு இலைகளில் தண்ணீர் அடித்துப் பனியைக் கழுவிக்கொண்டிருந்தார். பனியோடு வெயில் பட்டால் இலை வெந்துவிடும். வேலிக்கு மேலாக என்னைக் கூப்பிட்டு, "ஒந் தம்பியத் தண்ணி அடிக்கச் சொல்லும்மா. அவருக்கு இதெல்லாம் மறந்திருக்கும்" என்றார்.

"சொல்றேண்ணே" என்றேன். குடையையும் சோற்றுப் பார்சலையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

ஜனவரி 27

எல்லாம் செம்பு நிறம். தென்னங்கன்றுகள் போயே போய்விட்டன. நரிவாலில் இப்போது வால்தான் இருக்கிறது. மஞ்சள் பாம் கொதிதண்ணீர் ஊற்றின கீரை மாதிரிச் சுருண்டு கிடக்கிறது. துஷாந்த் இடுப்பில் கை வைத்து அதற்குள்ளேயே நடக்கிறான். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணி குடித்தேன். இவ்வளவு ருசியாக ஒரு தேத்தண்ணி குடித்து வருஷக்கணக்காகிறது.

பாவமா? எதற்குப் பாவம்?

பெப்ரவரி 2

இன்று என் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, எல்லாம் கருகிருச்சு. பிடுங்கிப் போட்டுறவா, இல்ல வழி ஏதும் இருக்கா? நீ பண்ணையில இருக்கிறவ, ஒனக்குத் தெரியும்."

இப்போதுதான் தெரிகிறதா?

"பனியில தேயில கருகினா அப்பா என்னா செய்வாரு?" என்று கேட்டேன். அப்பா கவ்வாத்துக் கங்காணி. தேயிலைச் செடியை முட்டி உயரத்துக்குக் கழித்து மறுபடி துளிர்க்க வைப்பதிலேயே அவர் காலம் போனது.

"கவ்வாத்து வெட்டுவாரு."

"அப்பறம் என்னாத்தக் கேக்குற?"

"இது பாமாச்சேக்கா. தென்ன மரத்துல தலைய வெட்டினா செத்துருமே?"

"தென்னைக்கு எங்கடா பனி பேயுது? பனியில கருகினது எந்தச் சாதியா இருந்தா என்னா, கவ்வாத்துதான். தேயில மட்டத்துக்கு வெட்டு. சித்திரைக்குள்ள துளுக்கும்."

முகம் மலர்ந்துவிட்டது. "அதானே! அப்பா இருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பாரு" என்று போனான்.

தேயிலைக்குக் கணுவுக்குக் கணு கண் இருக்கிறது. பாமுக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்து. அது போனால் ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று. அவன் கடைக்குப் போன நேரம் நான் போய் ராயல் பாமின் குருத்தை இழுத்துப் பார்த்தேன். செத்திருந்தால் கையோடு உருவிக்கொண்டு வரும். வரவில்லை, இறுக்கமாக இருந்தது. சும்மா விட்டுவைத்தாலே அடுத்த மழைக்கு எழும்பியிருக்கும்.

பெப்ரவரி 3

தூக்கம் வராது என்று நினைத்தேன். நன்றாக வந்தது.

பெப்ரவரி 7

தங்கச்சி லெட்சுமி மகளுக்குச் சடங்கு. மஸ்கெலியாவுக்குப் புறப்பட்டேன். துஷாந்த் தானாகவே வந்து என் பையை ஆட்டோவில் ஏற்றினான், பஸ் வரும்வரைக்கும் நின்றான். "நீ திரும்பி வரும்போது தோட்டம் பூரா சுத்தமா இருக்கும்க்கா" என்றான். மரங்களை ஒன்றுவிடாமல் அவன் கையாலேயே கொல்லப் போகிறான். ஹட்டன் வரைக்கும் அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

பெப்ரவரி 8, மஸ்கெலியா

"என்னாத்துக்கு அவனோட கெடந்து மல்லுக்கட்டுற? இங்கிட்டு வந்துரு" என்கிறாள் லெட்சுமி. வரமாட்டேன். ஏப்ரலில் அவன் வாசலில் மொட்டைக் கட்டைகள் வரிசையாக நிற்கும். எந்த வெள்ளைக்காரன் வருவான்? கெஸ்ட் ஹவுஸும் இல்லை, ரிசெப்சனும் இல்லை. என் அறை எனக்கு.

பெப்ரவரி 10

எழுத முடியவில்லை.

என் மரத்த வெட்டிட்டான்.

கேட்டைத் திறந்ததுமே தெரிந்தது, என் ஜன்னல் பக்கம் ஒரே வெளிச்சம். தோட்டம் முழுக்க முட்டி உயரக் கட்டைகள், நூல் பிடித்த மாதிரி ஒரே மட்டம். அதே மட்டத்துக்கு என் சீனப்பனையும். நாரெல்லாம் சிதறி, வெட்டின இடத்தில் சுண்ணாம்பு தடவி, வெயில் படாமல் அதன் இலையையே வெட்டி மேலே போர்த்தி. கவ்வாத்து வெட்டின தேயிலைக்குச் செய்வதை எல்லாம் ஒரு குறை வைக்காமல் செய்திருக்கிறான்.

"ஏன்டா?" என்றேன்.

"அதுவும் காஞ்சு தொங்குச்சேக்கா, கீழ பூரா. ஒனக்கு வெட்ட ஆள் இல்லையேன்னு பழனியாண்டி அண்ணன்கிட்ட மொதல்ல ஒன்னோடதத்தான் வெட்டச் சொன்னேன். நல்லா வெட்டியிருக்காரு, பாரு."

பாவாடை. அந்தக் காய்ந்த பாவாடையைக் கருகினது என்று நினைத்திருக்கிறான். கத்தியிருப்பேன். மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். ஆனால் என்னவென்று கத்துவது? பாமை வெட்டினால் செத்துப்போகும்டா என்றா? அடுத்த வார்த்தை அவன் என்ன கேட்பான்?

"தலவலி" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். செத்துப்போ. நாசமாப் போ. யாரைச் சொல்கிறேன்?

பெப்ரவரி 16

கடைத்தெருவில் பழனியாண்டி அண்ணன். எஸ்டேட்டில் கவ்வாத்து வெட்டுகிறவர், அப்பாவிடம் வேலை பழகினவர். நான் கேட்காமலே சொன்னார்: "இதுக்கு ஒத்தக் குருத்துதானே தம்பின்னு கேட்டேன்மா. அக்காதான் சொன்னாங்க, அவங்க பண்ணையில இருக்கிறவங்கன்னு தம்பி சொல்லுச்சு. நீங்க சொன்னா அப்பறம் நான் என்னாத்த பேச?" என் முகத்தையே பார்த்தார். பஸ் வந்துவிட்டது என்றேன். வரவில்லை.

பெப்ரவரி 23

ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறேன்.

மார்ச் 9

பிரியந்தி ஒரு தட்டில் வடையும் சட்னியும் கொண்டுவந்தாள். "மதினி, ஒங்க ரூம் வேணாமாம். ரிசெப்சன கராஜுல போட்டுக்கிறோம். அக்கா நமக்கு நல்லது சொல்லிக் குடுத்துச்சு, அதுகிட்டப் போயி ரூமக் கேக்க வாய் வரலன்னு சொல்றாரு."

ஜெயித்துவிட்டேன். ஏப்ரலுக்குக்கூடக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அறை எனக்கே. வடையைச் சாப்பிட முடியவில்லை, நாய்க்குப் போட்டேன். அவள்மேல் எரிச்சலாக வந்தது. நல்லவளாக இருப்பதற்கு இத்தனை நாள் இல்லாமல் இப்போதுதானா நேரம் கிடைத்தது?

மார்ச் 30

ராயல் பாம் கட்டையைத் தட்டிப் பார்த்தேன். உளுத்த சத்தம். என்னுடையதைத் தட்டவில்லை.

ஏப்ரல் 12

காலையில் வீடே அதிர ஒரு கூச்சல். "அக்கா! துளுத்துருச்சு! ஓடி வா!"

மஞ்சள் பாம். அது புதர்ச்சாதி, மண்ணுக்குள் பக்கக்கன்று வைத்திருக்கும். தலை போனாலும் அடியிலிருந்து வரக்கூடியது அது ஒன்றுதான். சுண்டுவிரல் அளவில் பச்சையாக எட்டிப் பார்க்கிறது. துஷாந்த் மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தான். "நீ சொன்ன மாதிரியேக்கா! சித்திரைக்குள்ளன்னு சொன்னியே! மத்ததும் பின்னாடியே வந்துரும்."

ஏப்ரல் 27

சீசன். கராஜ் ரிசெப்சனுக்கு முதல் ஆட்களாக, கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது. பாம் இல்லாததைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. குளிரைப் பற்றித்தான் பேச்சு.

காலையில் ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் ஊற்றுகிற சத்தம். அன்றாடம் கேட்பதுதான். துஷாந்த் முதலில் என் சீனப்பனைக் கட்டைக்கு ஊற்றிவிட்டுத்தான் மற்றதற்குப் போகிறான். குளிர்ந்த தண்ணீர் ஆகாதென்று அடுப்பில் வைத்து வெதுவெதுப்பாகக் கொண்டுவருகிறானாம், பிரியந்தி சொன்னாள். இன்று ஜன்னலைத் திறந்தேன். வந்த குடும்பத்துக்காரரிடம் என்னைக் காட்டி, "எங்கக்கா. தோட்ட வேலையில இவங்களுக்குத் தெரியாதது ஒன்னுமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "இதுக்கு இன்னும் எவ்வளவு நாளாகும்க்கா?" என்றான்.

அந்த மனுஷரும் பதிலுக்காக என்னைப் பார்த்தார்.

"பெரிய மரமில்லையா, கொஞ்சம் சுணங்கும்" என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய், அவன் கையிலிருந்த வாளியை வாங்கி, மிச்சத் தண்ணீரை நானே கட்டையைச் சுற்றி ஊற்றினேன்.